அண்ணன் பங்குச் சோறு

மரவள்ளிக்கிழங்கைக் கண்டால் இன்றைக்கும் முகத்தைச் சுளிப்பவர்கள் மட்டும் இதைப் படித்தால் போதும். மற்றவர்களுக்கு இது ஏதோ பழங்கதை. அதை வேகவைத்து, வறுத்து, மாவாக்கி, நூலாகப் பிழிந்து, கடைசியில் இலையையும் விடாமல் தின்று வளர்ந்த உடம்பு நம்முடையது. பிடோக்கில் எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே காலையில் கூடுகிற நாலைந்து கிழவிகளிடம் 'ஊபி' என்று அந்தக் கிழங்கின் மலாய்ப் பேரை ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். பேச்சு நேரே ஜப்பான்காரன் காலத்துக்குப் போய்விடும். ஆளுக்கொரு கதை வரும். நானும் சொல்வேன், சிரிக்க வைக்கிறதாகப் பார்த்துச் சொல்வேன். இந்தக் கதையை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. வயது எண்பதைத் தாண்டிவிட்டது, இனி யாருக்குப் பயப்படுவது?

அப்போது எனக்கு ஒன்பது வயது. சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் எங்கள் வீடு. பின்சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டுக் கொட்டகை. மாடுகளை ஜப்பான்காரன் ஓட்டிக்கொண்டு போய் வருஷம் ஒன்றாகியும் சாணி வாடை போகவில்லை. அந்த வீட்டில் நாங்கள் பதினாலு பேர். அப்பா, அம்மா, நாங்கள் நான்கு பிள்ளைகள். சித்தப்பா, சித்தி, அவர்கள் பையன். பெரியம்மா, அவருடைய இரண்டு மகள்கள், மருமகள், மருமகளின் கைக்குழந்தை. நாங்கள் வேதக்காரர்கள். கூடத்தில் மாதா சுரூபம் ஒன்று உண்டு. அதற்குக் கீழே பெரியம்மாவின் பாய்.

பெரியம்மா என் அப்பாவின் அண்ணன் மனைவி. பெரியப்பா நான் பிறக்கும் முன்பே போய்விட்டார். அப்பாவும் சித்தப்பாவும் சிறு பையன்களாகக் கப்பலிலிருந்து இறங்கியபோது தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டியவர் பெரியம்மாதான். அதனால் மீசை வைத்த ஆண்பிள்ளைகள் இருவரும் அவர் முன்னால் உட்கார மாட்டார்கள். யார் எங்கே படுப்பது, எந்தப் பிள்ளைக்கு என்றைக்கு விளக்கெண்ணெய், யார் சட்டையை யாருக்குக் குறுக்கித் தைப்பது, எல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். அம்மாவுக்கு இதில் உள்ளூர எரிச்சல் உண்டு. "இந்த வீட்டுல தும்முறதுக்கும் அக்காகிட்ட உத்தரவு வாங்கணும்" என்பார். ஆனால் எங்களில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அம்மாவே ஓடிப்போய்ப் பெரியம்மாவைத்தான் எழுப்புவார்.

வீட்டில் பதினாலு பேர் என்றேன். ரேஷன் அட்டையில் பதினைந்து. பதினைந்தாவது ஆள் அண்ணன், பெரியம்மாவின் ஒரே மகன். செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை. வெள்ளைக்காரன் ஓடிப்போன வாரத்தில் காலையில் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. அப்போது அண்ணிக்கு ஏழு மாதம். செத்தார் என்று சொல்ல ஒரு சட்டைத் துணிகூடக் கிடைக்கவில்லை. பெரியம்மா ஒரே சொல்லில் நின்றார். "எம்பிள்ள எங்கயோ இருக்கான். வருவான்." அட்டை பதியும்போதும் அவர் பெயரைச் சேர்த்தே பதிந்தார்.

ஒரு வேளைதான் அரிசிச் சோறு, அதுவும் கிழங்குத் துண்டுகளோடு கலந்து. பெரியம்மா எங்களை வரிசையாக உட்கார வைப்பார். முதலில் நீலக்கரை போட்ட எனாமல் தட்டு ஒன்றில் ஒரு அகப்பை சோறு போட்டு, சிவப்பு எண்ணெயில் வதக்கிய கங்கோங் கீரையை அதன் மேல் வைத்து, சுரூபத்துக்கு முன்னால் கொண்டுபோய் வைப்பார். அது அண்ணன் பங்கு. செபம் சொல்லி நாங்கள் தின்று முடித்ததும் அந்தத் தட்டு முறைவைத்து ஒரு பிள்ளைக்கு வரும். "இன்னைக்கு யாரு அண்ணன்?" என்று கேட்டுக்கொண்டே காத்திருப்போம். முறை வந்த பிள்ளை அன்று முழுக்க அண்ணன். மற்றவர்களை அதிகாரம் பண்ணலாம். எனக்கு முறை வந்தால் கடைசிப் பருக்கையை நாக்கில் வைத்துக்கொண்டு வெகுநேரம் விழுங்காமல் இருப்பேன்.

இந்தப் பங்கைப் பற்றி ஆளுக்கொரு எண்ணம். ஒரு ஆள் அரிசிக்காகத்தான் அக்கா மகனை உயிரோடு வைத்திருக்கிறார் என்பது அம்மாவின் கட்சி. பெற்ற மனசு, நம்பிக்கொண்டிருக்கட்டும் என்பது சித்தப்பாவின் கட்சி. அண்ணி ஒன்றும் சொல்ல மாட்டார். தினமும் தாலிச் சரட்டை மஞ்சளாக்கிக்கொண்டு, குழந்தைக்கு "அப்பா வருவாங்க, அப்பா வருவாங்க" என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். குழந்தை 'அப்பா' என்றால் எனாமல் தட்டைக் காட்டும்.

இருவர் எண்ணமும் தப்பு என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும் தெரியும்.

தெரிந்தது இப்படி. பெரியம்மாவுக்கு எழுதத் தெரியாது. நான் தமிழ்ப் பள்ளியில் மூன்று வருஷம் படித்தவள், கையெழுத்து மணி மணியாக இருக்கும். மாதத்தின் முதல் வெள்ளியான தலை வெள்ளிக்கிழமை ஒன்றில், "பாப்பா, பென்சில எடுத்துக்கிட்டு வா" என்று என்னைக் கோயிலுக்கு அழைத்துப் போனார். முந்தானையில் சாமியாருக்குக் காணிக்கையாக இரண்டு முட்டை. சந்து முனையில் நின்ற ஜப்பான் சிப்பாய்க்கு இடுப்பை வளைத்துக் கும்பிட்டோம். முட்டை உடைந்துவிடுமோ என்று அவர் முந்தானையை ஒரு கையால் தாங்கிக்கொண்டே குனிந்தார். கோயிலுக்குப் பின்னால் மாதா கெபிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு துண்டுத் தாளை நீட்டினார்.

"எழுது. பூசைக் கருத்து." அண்ணனின் ஞானஸ்நானப் பெயரைச் சொன்னார். "அவருடைய ஆத்தும இளைப்பாற்றிக்காக."

பென்சில் நின்றுவிட்டது. அந்த வருஷம்தான் நான் புதுநன்மைக்கு, முதல் முறை நற்கருணை வாங்க, மந்திரம் படித்துத் தேறியிருந்தேன். எது யாருக்கு என்று எனக்கா தெரியாது?

"ஆத்தும இளைப்பாற்றி செத்தவங்களுக்குத்தானே பெரியம்மா?"

"ஆமா."

"அப்ப அண்ணன்..."

"அவன்கூட வேல செஞ்ச மலையாளத்துப் பையன் பின்கதவு வழியா வந்து சொல்லிட்டுப் போயிட்டான். குண்டு விழுந்திச்சாம். அவன்தான் ரோட்டோரமா பொதச்சானாம்."  வெங்காய விலை சொல்வது போலச் சொன்னார். "வீட்டுல யாருக்கும் தெரியாது. தெரியவும் கூடாது."

"ஏன்?"

"தெரிஞ்சா உங்க அண்ணியோட அப்பா வந்து நிப்பாரு. புருசன் இல்லாத வீட்டுல எம்பொண்ணுக்கு என்ன வேலன்னு ரெண்டு பேரையும் எஸ்டேட்டுக்கு அழச்சிக்கிட்டுப் போயிடுவாரு. அங்க சோறு இல்ல, மருந்து இல்ல. வாரத்துக்கு எத்தன பொணம் விழுகுதுன்னு கேள்விப்படுறேன்ல. சண்ட முடியட்டும். நானே அவளுக்குச் சொல்லிக்கிறேன்."

"அப்ப எதுக்குப் பெரியம்மா பூசை? பூசை வச்சா சாமியாருக்குத் தெரிஞ்சிடுமே."

அப்போதுதான் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "சொல்லாம இருக்கலாம் பாப்பா. பூசை வைக்காம இருக்க முடியுமா? உத்தரிக்கிற ஸ்தலத்துல எம்பிள்ள எத்தன நாளு வேகும்?"

மாதா காலடியில் என் கையை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். அதன்பின் ஒவ்வொரு தலை வெள்ளியும் நான் ஒரு சீட்டு எழுதினேன். சாமியார் பிரெஞ்சுக்காரர், நம்மைவிட நல்ல தமிழ் பேசுவார். சீட்டை வாங்கிப் படித்துவிட்டு மேசை மேல் நிற்கும் கம்பியில் குத்தி வைப்பார். பெயரைச் சொல்லாமல் பூசை வைப்பார். வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா வழக்கம்போல எனாமல் தட்டை எடுப்பார். அன்று முதல் எனக்கு அண்ணன் பங்கு தொண்டையில் இறங்கவில்லை என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். பொய். இறங்கியது. பசி அப்படி.

கல்லறைத் திருநாள் முடிந்து சில நாள் இருக்கும். நட்சத்திரக்காரர் வந்தார். உங்களுக்கு நினைவிருக்கும், முப்பது வீட்டைக் கண்காணிக்க ஒருவரைப் பிடித்துக் கையில் துணிப்பட்டை கட்டி, அதில் ஒரு நட்சத்திரம் குத்தி விட்டிருந்தார்கள். எங்கள் சந்துக்கு வாய்த்தவர் முன்பு சோடாக் கடை வைத்திருந்தவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கழுத்தில் கத்தி இருக்கிறவன் நல்லவனாக இருந்து என்ன பண்ணுவான்?

"அக்கா, மேலிடத்து உத்தரவு. மூணு ஆம்பள இருக்கிற வீட்டுல ஒருத்தர் வேலைக்குப் போகணும்."

"எங்க தம்பி?"

"எங்கன்னு எனக்கென்ன தெரியும்? லாரி ஏத்துறாங்க." அவர் அட்டையை விரித்தார். "உங்க வீட்டுல மூணு பேரு. பெரியவரு, சின்னவரு, உங்க மகன்."

"அவன்தான் இன்னும் வந்து சேரலையே."

"அட்டையில இருக்கான்ல? அரிசி வாங்குறீங்கல்ல? அப்ப ஆளு இருக்குன்னுதான் கணக்கு. சின்னவரு கப்பல் பட்டறையில வேல செய்றாரு, பாஸ் இருக்கு, அவரத் தொட முடியாது." கதவோரம் நின்ற என் அப்பாவைப் பார்த்து நாடியால் காட்டினார். "அப்ப இவருதான். வர்ற புதன்கிழம மத்தியானம் லாரி. ரெண்டு சட்டை, ஒரு போர்வை போதும்."

எங்கே என்று சொல்லாவிட்டாலும் சந்தில் எல்லாருக்கும் தெரியும், ஜப்பான்காரன் காட்டுக்குள் ரயில் பாதை போடுகிற இடம். சயாம். அந்தச் சந்திலிருந்து ஏற்கெனவே நான்கு பேர் போயிருந்தார்கள். ஒருவரும் வரவில்லை. ஒருவர் காகிதமும் வரவில்லை.

அவர் படியிறங்கியதும் அம்மா பெரியம்மாவின் காலருகே போய் உட்கார்ந்தார். அதுவரை எதிர்த்து ஒரு சொல் பேசாதவர்.

"அக்கா, உங்க மகன் பேர எடுத்துடுங்க. ரெண்டு பேருன்னா அவங்க கேக்கமாட்டாங்க."

"உசுரோட இருக்கிற பிள்ளைய எப்படிம்மா எடுக்கச் சொல்ற?"

"ரெண்டு வருசமாகப் போவுது அக்கா. இருந்தா ஒரு சேதி வராதா? என் பிள்ளைங்கள நெனச்சிப் பாருங்க. நாலும் பொடிசு."

"அவன் போகமாட்டான்" என்றார் பெரியம்மா. அவ்வளவுதான். எழுந்துபோய்க் கிழங்கு சீவ ஆரம்பித்தார்.

நான் பக்கத்தில் நின்று இரண்டையும் கேட்டேன். உயிரோடு இருக்கிற பிள்ளை! ஆறு சீட்டு என் கையால் எழுதியிருக்கிறேன். செத்த மகனுக்காக என் அப்பாவை அனுப்பப் போகிறாரா? பெரியம்மா என் அப்பாவையும் பிள்ளை போல வளர்த்தவர் என்பதெல்லாம் பெரியவர்கள் பேச்சு, கடைசியில் சொந்தப் பேத்திதான் பெரிது என்று எனக்குப் பட்டது. அந்தக் குழந்தை என்னிடம் தவழ்ந்து வந்து மடியில் ஏறினால் இறக்கிவிட ஆரம்பித்தேன். ஒன்றரை வயது. அது என்ன செய்யும்? சிரித்துக்கொண்டே திரும்ப ஏறும்.

சனிக்கிழமை இன்னொன்று நடந்தது. கூடத்து மூலையில் கோணி போர்த்தி வைத்திருந்த அண்ணனின் சைக்கிளைக் காணோம். அந்தச் சைக்கிளை யாரும் தொட்டதில்லை. வாரம் ஒருமுறை பெரியம்மாவே சங்கிலிக்கு எண்ணெய் விடுவார். கேட்டதற்கு, "ஒரு வேலையா குடுத்திருக்கேன்" என்றார். அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். "பாத்தியா, உங்கப்பா போற நேரத்துல சைக்கிள வித்து வயித்தப் பாக்குறாங்க." சைக்கிளுக்கு அப்போது தங்கத்தின் மதிப்பு. அரிசி மூட்டை எப்போது வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

அன்று மாலை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். மரச்சட்டத்துக்கு அந்தப் பக்கம் சாமியாரின் மூச்சும் சுருட்டு வாடையும். சத்தியம் பண்ணியதைச் சொன்னேன். சொல்லாமல் இருந்தால் அப்பா போய்விடுவார் என்றேன். 

"இது பெரியவர்கள் விவகாரம் மகளே. உன் பெரியம்மா என்ன செய்வதென்று அறிவாள். நீ பேசாதிரு. மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லு."

மூன்று சொன்னேன். முப்பது சொன்னேன். அந்தச் சாமியாரை அதன்பின் பல வருஷம் மனதுக்குள் வைதிருக்கிறேன்.

புதன்கிழமை காலை. அப்பாவின் மூட்டை சுரூபத்துக்குக் கீழே இருந்தது. அப்பா எங்களை வாசலில் வரிசையாக உட்கார வைத்து நகம் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தார். சனிக்கிழமைதான் எப்போதும் வெட்டுவார். பாதி பிளேடை ஒரு மூங்கில் குச்சியில் செருகி வைத்திருப்பார், ரத்தம் வராமல் வெட்ட அவரால்தான் முடியும். தம்பி, தங்கை, சின்னவன், கடைசியாக நான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெரிய பிள்ள நீதான். இனிமே இவங்களுக்கு நீ வெட்டி விடு. எப்படிப் புடிக்கிறேன்னு பாத்துக்க" என்றார். அப்பா அழவில்லை. வெட்டி முடித்த நகத்தையே இன்னொரு தடவை வெட்டினார்.

நட்சத்திரக்காரர் வந்து நின்றார். ஆள் ஓடிவிடவில்லையே என்று பார்க்க வந்திருப்பார். பெரியம்மா அடுப்படியிலிருந்து ஈரக் கையைத் துடைத்தபடி வந்தார். முகத்தில் ஒரு கலக்கமும் இல்லை.

"மத்தியானம் லாரி வரும்போது வாங்க தம்பி. ஆளு எங்கயும் போயிடமாட்டான்."

அந்த நிதானத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அம்மா உள்ளே சுருண்டு கிடக்கிறார், அப்பா எனக்கு நகம் வெட்டச் சொல்லிக்கொடுக்கிறார், இவர் வீட்டுக்கு வந்த பால்காரனுக்குப் பதில் சொல்வது போலப் பேசுகிறாரே என்று எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அப்பாவின் பிடியிலிருந்து கையை இழுத்துக்கொண்டு எழுந்தேன்.

"அண்ணன் செத்துப்போச்சு. ரெண்டு பேருதான் இருக்காங்க. சாமியார்கிட்ட சீட்டு இருக்கு. நாந்தான் எழுதினேன்."

சந்தில் அந்த நேரத்துக்கு எப்போதும் கேட்கிற சத்தமெல்லாம் கேட்டிருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பெரியம்மா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஒரு பிள்ளை கிணற்றருகே ஓடுவதைத் தூரத்திலிருந்து பார்ப்பவரின் முகம். அவருக்குப் பின்னால் அண்ணி, இடுப்பில் குழந்தையோடு.

"எப்ப அத்தை?" என்றார் அண்ணி.

"நீ ஏழு மாசமா இருக்கும்போது."

அண்ணி குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு உள்ளே போனார். அழுகைச் சத்தம் வரவேயில்லை. எனக்கு இன்றும் அழுகைச் சத்தத்தைவிட அதுதான் பயம்.

நட்சத்திரக்காரர் ஆளனுப்பிக் கம்பியில் குத்தியிருந்த சீட்டுகளை வரவழைத்தார். ஆறும் என் கையெழுத்து. அப்பாவின் பெயரை அடித்தார். ஆனால் அதோடு விடவில்லை, விடவும் முடியாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "ரெண்டு வருசமா செத்தவன் பேருல அரிசி வாங்கியிருக்கீங்க அக்கா. நான் சொல்லாம விட்டா என் தலை போயிடும்" என்றார். சொல்லும்போது அவர் பெரியம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

இரண்டு சிப்பாய்கள் வந்து பெரியம்மாவைச் சந்தை முனைக்குக் கூட்டிப்போனார்கள். கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிச் சாயந்திரம் வரை வெயிலில் நிற்க வைத்தார்கள். முக்காடு போடக்கூட விடவில்லை. காய்கறி வாங்க வந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். நானும் அம்மாவும் எதிர்க்கடையின் தூண் மறைவில் நின்றோம். அம்மா தண்ணீர்ச் செம்பு வைத்திருந்தார், கொண்டுபோய்க் கொடுக்க முடியவில்லை. பெரியம்மா ஒரு தடவை எங்களைப் பார்த்து, போங்கள் என்று கண்ணால் காட்டினார். ஆறு மணிக்கு விட்டபோது கால் இரண்டும் வீங்கி, சித்தப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். பட்டறையிலிருந்து வேலை முடிந்து வந்த சித்தப்பா வழியில் பார்த்து அங்கேயே நின்றுவிட்டிருந்தார்.

அப்பா வீட்டில் இருந்தார். அது போதும் எனக்கு. அன்று அப்பாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். அப்பா என் தலையைத் தடவி, "எம்மவ என்னக் காப்பாத்திட்டா" என்று எல்லாரிடமும் சொன்னார். பெரியம்மாவிடமும் சொன்னார். "ஆமா, கெட்டிக்காரி" என்றார் பெரியம்மா, வீங்கிய காலுக்கு எண்ணெய் தடவியபடி.

செய்தி கோயில் வழியாக எஸ்டேட்டுக்குப் போனது. மூன்றாம் வாரமே அண்ணியின் அப்பா வந்துவிட்டார். பெரியம்மா அவரிடம் கெஞ்சியதை அன்றுதான் பார்த்தேன். கெஞ்சத் தெரியாதவர் கெஞ்சினால் கேட்கிறவருக்கும் கூசும். "கொழந்தையையாவது விட்டுட்டுப் போங்க, நான் வளத்துக் குடுக்குறேன்." அவர் கேட்கவில்லை. அண்ணியும் திரும்பிப் பார்க்கவில்லை. தன்னிடம் இத்தனை நாள் மறைத்த மாமியாரோடு பேச அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை. குழந்தைதான் தாத்தாவின் தோளில் இருந்தபடி சந்து திரும்பும் வரை எங்களுக்குக் கையாட்டியது.

அதற்குப் பிறகு நான் பெரியம்மாவை அடிக்கடி கேட்பேன். "கொழந்த எப்படி இருக்காம் பெரியம்மா?"

"நல்லா இருக்காம். கடவாப்பல்லு வந்திருச்சாம்."

இன்னொரு மாதம் கழித்துக் கேட்டால், "நல்லா பேசுதாம். கோழிய வெரட்டுதாம்."

அதற்கும் பிறகு, "உன்ன மாதிரியே வாய் துடுக்காம். உங்க அண்ணி சொல்லி விட்டிருக்கா."

எனக்கு நிம்மதியாக இருக்கும். அந்த ஒன்றரை வருஷமும் அந்தக் குழந்தை என் காதில் வளர்ந்துகொண்டே வந்தது. அதற்குத் துணி பொம்மைகூட ஒன்று தைத்து வைத்திருந்தேன்.

சண்டை முடிந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்த பிறகு ஒரு நாள் அண்ணி வந்தார், தனியாக. பாதியாக இளைத்திருந்தார். நான் பொம்மையை எடுத்துக்கொண்டு ஓடி, "கொழந்த எங்க அண்ணி? அழச்சிக்கிட்டு வரலையா?" என்றேன்.

அண்ணி விளங்காமல் என்னைப் பார்த்தார். "அது போயி ரெண்டு வருசம் ஆவப்போவுதே பாப்பா. நாங்க போன மூணாவது மாசம், காய்ச்சல்ல. அத்தைக்குக் காயிதம் போட்டேனே."

பெரியம்மா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை. உரித்துக்கொண்டேயிருந்தார்.

நான் அவரை எதுவும் கேட்கவில்லை. அவரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. எனக்குக் கல்யாணம் செய்துவைத்தார், என் முதல் பிள்ளைக்கு அவர்தான் தலைக்கு ஊற்றினார், என் வீட்டில் இருந்துதான் கண்ணை மூடினார். ஒரு நாளும், கோபத்தில் ஒரு பேச்சு வந்தபோதும்கூட, அந்தப் புதன்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அவர் மனதில் என் மேல் ஒன்றும் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். அப்பாவுக்காகத்தானே சொன்னேன், வேறு வழியில்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அந்த ஒரு சமாதானத்தைப் பிடித்துக்கொண்டுதான் காலம் ஓடியது.

பெரியம்மாவை அடக்கம் பண்ணிவிட்டு வந்த அன்று சித்தப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். சித்தப்பாவுக்கு அப்போது பல்லெல்லாம் போய்விட்டது.

"இத எங்க அண்ணி, உங்க பெரியம்மா, இருக்கிற வரைக்கும் சொல்லக்கூடாதுன்னுட்டாங்க. எனக்கும் வயசாயிடுச்சு, வச்சிக்கிட்டு சாக முடியல" என்று ஆரம்பித்தார்.

அந்தச் சைக்கிள் விற்கப்படவில்லை. பட்டறையில் கங்காணியிடம் போயிருக்கிறது, என் அப்பாவின் பெயரைக் கூலி வரிசையில் சேர்த்துப் பாஸ் எழுதித் தருவதற்காக. பாஸ் இருந்தால் லாரிக்காரன் தொட மாட்டான். நட்சத்திரக்காரர் காதுக்கு முன்கூட்டியே எட்டினால் காரியம் கெட்டுவிடும், அம்மாவின் வாயும் சும்மா இருக்காது. அதனால் சித்தப்பாவையும் பெரியம்மாவையும் தவிர யாருக்கும் தெரியாது. புதன்கிழமை மத்தியானத்துக்குள் பாஸ் கைக்கு வந்துவிடும் என்று ஏற்பாடு. அதனால்தான் நட்சத்திரக்காரரை அவர் அவ்வளவு நிதானமாக, மத்தியானம் வாங்க என்றார்.

"பதினோரு மணிக்குக் கையெழுத்து ஆயிடுச்சு பாப்பா. ஒரு பையன்கிட்ட குடுத்துவிட்டேன். அவன் வந்து பாத்திருக்கான், உங்க பெரியம்மா வெயில்ல நிக்கிறாங்க. பயந்துபோயி எங்கிட்டயே திரும்பக் கொண்டாந்துட்டான். சாயந்திரம் நான் போயி, அண்ணி, பாஸ் என் பாக்கெட்டுல இருக்குன்னேன். ஒதடு வெடிச்சி ரத்தம். அப்பவும் அவங்க சொன்னது இதான். 'கிழிச்சிப் போட்டுரு. பாப்பாவுக்கு எப்பவும் தெரியக்கூடாது. அவதான் அப்பன காப்பாத்தினான்னு இருக்கட்டும். ஒம்பது வயசுப் பிள்ள, எப்படித் தாங்கும்?'"

சித்தப்பா அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. மூன்று மணி நேரம். மூன்று மணி நேரம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அப்பாவும் இருந்திருப்பார், அந்தக் குழந்தையும் இருந்திருக்கும். சாமியார் சொன்னது சரி. பெரியம்மாவுக்கு வழி தெரிந்திருந்தது. இதை எத்தனை தடவை எழுதி எழுதிப் பார்த்தாலும் வேறு மாதிரி வருவதில்லை.

அப்பா எண்பது வயது வரை இருந்தார். கடைசி மாதம் ஆஸ்பத்திரியில். யார் ஊசி போட வந்தாலும், எந்த டாக்டர் வந்தாலும், முதலில் என்னைக் காட்டி அந்தக் கதையைச் சொல்லாமல் விட மாட்டார்.

"இவ மட்டும் அன்னைக்கு வாயத் தொறக்கலன்னா நான் சயாம்ல மண்ணோட மண்ணு, மிஸ்ஸி. ஒம்பது வயசு. துப்பாக்கிக்காரனுக்கு முன்னாடி நின்னு பேசினா."

"அப்படியா தாத்தா? ரொம்ப தைரியம்லா உங்க மகளுக்கு" என்று ஊசி போட வந்த தாதிப் பெண் என்னைப் பார்த்துச் சிரிப்பாள்.

அப்பா என் கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொள்வார். "நெசந்தானம்மா?" என்று கேட்பார், நானும் அதைச் சொல்லக் கேட்க ஆசைப்பட்டு.

"ஆமாப்பா" என்பேன். ஒவ்வொரு தடவையும் சொன்னேன்.